‘காலி’ என்று நான் எழுதிய இடம்

கருத்துக் கேட்கும் வேலை என்பது, அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு நாம் பதில் சொல்கிற வேலை. கேள்வி அச்சடித்த தாள் நம் கையில்தான் இருக்கும். ஆனால் நீ யார், எந்த ஆபீஸ், போன தடவை எழுதிக்கொண்டு போனது என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் அவர்கள். படிவத்தை நீட்டிய பக்கமோ, அதை நிரப்பிய பக்கமோ, ஏதாவது ஒரு பக்கத்தில் நீங்களும் நின்று கால் வலித்திருப்பீர்கள். அந்த உரிமையில்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

உள்ளாட்சி அலுவலகத்தில் சமூக அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் வீட்டுக்காரர் காலமான பிறகும், இரண்டு பேருக்கு அரிசி அளந்து பழகிய கை அளவைக் குறைக்கத் தெரியாமல் தினமும் சோறு மிஞ்சிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் பழைய அலுவலகத்திலிருந்து ஒப்பந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர்ப் பக்கம் வரை சைக்கிளுக்கென்று தனித்தடம். வழியில் ஆங்காங்கே பொதுச் சைக்கிள் நிலையங்கள். ஒரு நிலையத்தில் சைக்கிளை எடுத்து இன்னொன்றில் விட்டுவிட்டுப் போகலாம். நிலையத்துக்கு இடம் பார்ப்பதும், ஜனங்களைக் கேட்டு எழுதுவதும் என் பொறுப்பு. டேப் பிடிக்க முனுசாமி இருந்தார். வியாசர்பாடிக்காரர், சாலைப் பணியாளர், ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. எங்கள் இருவருக்கும் மேலே உதவிப் பொறியாளர் இளவரசன். என் மகன் வயதுதான், அலுவலகத்தில் ‘சார்’.

ஏறாத சைக்கிள்

தண்டையார்பேட்டையில் ஒரு குறுக்குத் தெரு. அதில் நாங்கள் நுழைந்த முதல் வீடு. படிவத்தின் முதல் கேள்வி, வீட்டில் சைக்கிள் இருக்கிறதா என்பது. கேட்கவே தேவையில்லாமல் அது வாசலில் சாய்ந்து நின்றது. ஹாண்டில்பாரில் இரண்டு, கேரியரின் இரண்டு பக்கமும் இரண்டு என்று நான்கு பிளாஸ்டிக் குடங்கள். சொந்தக்காரர் கிடங்கில் மூட்டை தூக்குபவர். அடுத்த கேள்வி, சைக்கிளை எதற்காக ஓட்டுகிறீர்கள் என்பது. வேலைக்கு, படிப்புக்கு, உடற்பயிற்சிக்கு, பொழுதுபோக்குக்கு என்று நான்கு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் டிக் போட வேண்டும்.

"ஓட்டறதில்லையே" என்றார் அவர். குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் பெடல் கிடையாது. செயினும் கிடையாது. தண்ணீர் லாரி வரும்போது வெறும் குடங்களோடு தள்ளிக்கொண்டு போவார். நிரப்பிக்கொண்டு தள்ளிக்கொண்டே வருவார். அந்தச் சைக்கிளில் அவர் ஏறியதே இல்லையாம். எனக்குப் பேனா நகரவில்லை. கடைசியில் ‘வேலைக்கு’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவைக் கொண்டுபோனேன். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி தலையை மட்டும் நீட்டிச் சொன்னார்:

"வேலைன்னு எழுதாத யக்கா, ஒடற்பயிற்சின்னு எழுதிக்க. தண்ணி கொணாந்து வெச்சிட்டு அப்பிடியே மல்லாந்து பட்த்துக்கறாரு, வேல எங்க செய்றாரு."

எதிர்த்திசை

எத்தனை சைக்கிள் போகிறது என்று எண்ணுவதற்காக, காலை ஏழு மணிக்கு எண்ணூர் போகும் சாலையோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நானும் முனுசாமியும் உட்கார்ந்தோம். சைக்கிள் ஒன்று போனால் தாளில் ஒரு கோடு. ஐந்தாவது கோட்டை நான்கின் மேல் குறுக்கே போட வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. வரிசை நகரும்போது முதலில் சங்கிலிச் சத்தம் வரும், அடுத்துப் பிரேக் காற்று விடும் பெருமூச்சு. அதற்கப்புறம் தரையின் அதிர்வு நாற்காலிக் கால் வழியாக முதுகுக்கு ஏறும். அந்த லாரிகளுக்கும் மண் மேட்டுக்கும் நடுவே கிடைத்த இரண்டு முழ இடத்தில்தான் சைக்கிள்கள் வந்தன.

தாளில் இரண்டு பத்திகள். சரியான திசை ஒன்று, தவறான திசை ஒன்று. ஒரு மணி நேரத்தில் தவறான திசைப் பத்தி நிரம்பிவிட்டது. மற்றதில் நாலைந்து கோடுகள்தான். ‘விழிப்புணர்வு இல்லை’ என்று குறிப்பு எழுதும்படி பொறியாளர் முன்பே சொல்லியிருந்தார். எழுதுவதற்கு முன்னால் ஒருவரையாவது கேட்டுவிடலாம் என்று, காவலாளி உடுப்பில் வந்த ஒரு பெரியவரை நிறுத்தினேன். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, இறங்காமலே நின்றார். இடது பக்கமாகப் போனால் ஆகாதா என்று கேட்டேன். லாரி வரிசையை ஒரு தடவை பார்த்தார். கோபம் இல்லை, சலிப்பும் இல்லை.

"அந்தப் பக்கம் போனா முதுகுல வருவான். இப்பிடிப் போனா மூஞ்சிக்கு நேரா வர்றான். எப்பிடியும் வரப்போறவன்தானே, பாத்துகினு போலாமேன்னுதான்."

‘விழிப்புணர்வு இல்லை’ என்பதை மட்டும் நான் எழுதவில்லை. முனுசாமி என் தாளை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த ரெண்டு தலைப்பையும் மாத்திப் போட்ருங்கமா, கணக்கு சரியாப் பூடும்."

காலி

மே மாதம். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வெளியே வரும் ஒரு சாலையில், பழைய கிடங்கு ஒன்றின் மதிற்சுவர் ஓரமாக நல்ல நடைபாதை கிடைத்தது. நாற்பது அடி நீளம். தலைக்கு மேல் புங்க மரம். ஒரு முனையில் தண்ணீர்க் குழாய், மறுமுனையில் பஸ் நிறுத்தம். நடைபாதையில் ஒரு ஆள் இல்லை, ஒரு தள்ளுவண்டி இல்லை. டேப்பைப் பிடித்துக்கொண்டு முனுசாமி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தடையில்லாமல் நடந்தார். தரைக்கல் இடுக்குகளில் மட்டும் என்னவோ பொடிப்பொடியாக மினுங்கியது. கண்ணாடித் தூள், டயருக்கு ஆகாது, பெருக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு குறிப்பும் எழுதினேன். ‘இடத்தின் தற்போதைய பயன்பாடு’ என்ற கட்டத்தில் ‘காலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அது கண்ணாடி இல்லை, மீன் செதில். கடலில் மீன் முட்டையிடும் காலம் என்று இரண்டு மாதம் விசைப்படகுகள் போகாத தடைக்காலம் அது. படகுகள் துறைமுகத்துக்குள் விலா உரசிக்கொண்டு நின்றன. அந்தப் படகுகள் கொண்டுவரும் மீனை வாங்கி வந்து அந்த மரத்தடியில் விற்கும் பத்துப் பெண்கள் அந்த இரண்டு மாதமும் யார் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இது தெரியாத ஊர்க்காரி இல்லை நான். அந்த வாரம்தான் மாதவரம் கடையில் சங்கரா மீன் விலையைக் கேட்டுவிட்டு, தடைக்காலம் முடியட்டும் என்று வெறும் பையோடு திரும்பியிருந்தேன். வீட்டுக்காரிக்குத் தெரிந்தது, படிவத்தைப் பிடித்தவளுக்குத் தெரியாமல் போயிற்று. பொறியாளர் வந்து பார்த்தார். நிழலைப் பார்த்தார், பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார், அவர் முகமே மலர்ந்தது.

"மெட்ராஸ்ல காலியா ஒரு நடைபாதை கிடைக்கிறதே அதிர்ஷ்டம் மேடம். யாராவது வந்து உக்கார்றதுக்குள்ள நாம பிடிச்சிடணும்."

கேரியர்

திருவொற்றியூரில் ஒருநாள் மாதிரிச் சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தி, வேண்டியவர்கள் ஓட்டிப் பார்க்கலாம் என்று வைத்தோம். வான நீலத்தில், முன்னால் ஒரு சின்னக் கூடையோடு, பார்க்க அழகான சைக்கிள்கள். போனில் ஒரு செயலியை இறக்கி, பூட்டின் மேலுள்ள குறியைப் படம் பிடித்தால் பூட்டு திறக்கும். நிறையப் பேர் அந்தப் பூட்டு ‘டக்’கென்று திறப்பதைப் பார்க்க மட்டுமே வந்தார்கள். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்யும் பெண் ஒருத்தி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் ஒரு கையை விட்டுவிட்டு ஓட்டினாள். பொறியாளர் அவளைக் காட்டி, இவள் மாதிரிப் பத்துப் பேர் போதும் திட்டம் ஜெயித்துவிடும் என்றார்.

இறங்கியவள் சைக்கிளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, கேரியர் எங்கே என்று கேட்டாள். கேரியர் வைத்தால் இரண்டு பேர் ஏறிவிடுவார்கள், பாதுகாப்பு இல்லை, ஒருவருக்கு ஒரு சைக்கிள்தான் என்று பொறியாளர் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"தெனம் காத்தால எங்க வூட்டுக்காரர பஸ் ஸ்டாப்பாண்ட எறக்கி வுட்டுட்டுதான் சார் நான் கம்பெனிக்குப் போவேன். அவுருக்கு ஓட்ட வராது. இதுல அவர எங்க குந்த வெக்கிறது, முன்னாடி கீற கூடையிலயா?"

ஒருத்திக்கு ரெண்டு கட்டம்

ஜூன் கடைசியில், நிலையங்களுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தாயிற்று, சரி பார்த்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். மாலை நான்கு மணி. புங்க மரத்தடிக்குப் போனபோது மஞ்சள் கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பத்துப் பெண்கள், பத்துப் பலகைகள், பனிக்கட்டி போட்ட அலுமினிய அன்னக்கூடைகள், வாங்க வந்தவர்களின் கால்கள். இருபது சைக்கிளுக்காக இருபது ஒல்லிக் கட்டங்கள் போட்டிருந்தோம். அவற்றில் ஒருத்திக்கு இரண்டு வீதம், கோட்டை மிதிக்காமல், பள்ளிக்கூடத்துப் பெஞ்சு மாதிரி வரிசையாக அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவில் இருந்தவள் தேசம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். அருவாமனையில் மீனை இழுத்தபடியே பேசினாள். என் கழுத்தில் அடையாள அட்டையைப் பார்த்ததும், "நீதான் அந்த ஆபீசு அம்மாவா" என்று கேட்டாள். முன்பெல்லாம் தினமும் சாயந்திரம் இடத்துக்குச் சண்டையாம். யார் முதலில் பலகை போட்டாளோ அவள் நிழலில், மற்றவள் வெயிலில். நடுவில் யாராவது வந்து கூடையை எட்டி உதைத்துவிட்டுப் போவார்கள். தடைக்காலம் முடிந்து வந்து பார்த்தால், யாரும் கேட்காமலே கோடு போட்டு, கட்டம் பிரித்து வைத்திருக்கிறது. குழாய் ஓரக் கட்டம் யாருக்கு என்று மட்டும் சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கொண்டார்களாம்.

நான் முனுசாமியைப் பார்த்தேன். முனுசாமி டேப்பைப் பார்த்தார். சொல்ல வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். அது வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் தேசம்மா ஒரு பையில் இரண்டு கை நெத்திலியை அள்ளிப் போட்டு என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

"நாங்க இந்த மரத்தாண்ட குந்த ஆரம்பிச்சதுலேந்து எத்தினியோ ஆபீசரு வந்தாங்க. எங்களுக்குன்னு கோடு போட்டுக் குட்த்தது நீதாங்க்கா."

இல்லாத கட்டம்

அந்த நெத்திலியைக் குழம்பு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம்.

மறுநாள் காலை பொறியாளரிடம் சொன்னேன். நான் எழுதியது தப்பு, அங்கே பத்துப் பேர் பிழைக்கிறார்கள், தடைக்காலத்தில் போய்ப் பார்த்துவிட்டேன். அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அடுத்த திங்கட்கிழமை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து தரையில் துளை போட்டு இரும்புத் தாங்கிகள் இறக்கப் போகிறார்கள். பெண்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லலாமே என்றார். எங்கே என்று கேட்டேன். திரையில் வரைபடத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் பஸ் நிறுத்தம், ஒரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், அதற்கப்புறம் லாரிகள். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய அப்பா மில்லுக்குச் சைக்கிளில் போய் வந்தவர். ஒரு லாரி இடித்ததில் கால் போயிற்று. தனித்தடம் என்பது அவருக்குச் சம்பளத்துக்கான வேலை மட்டுமில்லை. ஒரு நிலையத்தை மாற்றினால் கோப்பு முழுவதும் திரும்பிப் போகும், திரும்பிப் போன கோப்பு வருகிறதா என்பது நிச்சயமில்லை என்ற பயம் அவருக்கு இருந்தது. அந்தப் பயத்தை நான் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். அது பொய்யான பயம் இல்லை.

சரி, திருத்தம் எழுதிக் கொடுக்கிறேன், எந்தப் படிவம் என்று சொல்லுங்கள் என்றேன். அலமாரியைத் திறந்தார். இடம் சேர்க்க ஒரு படிவம் இருந்தது, அளவை மாற்ற ஒன்று, பெயரை மாற்ற ஒன்று. எல்லாவற்றையும் மேசை மேல் பரப்பிவைத்து, இரண்டு பேரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தோம். வெகுநேரம் கழித்து அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்:

"மேடம், பார்த்தவங்க பார்த்ததே தப்புன்னு எழுத இதுல ஒரு கட்டமும் இல்லையே."

வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வைத்துப் பேசலாம், அதுவரை துளை போட வேண்டாம் என்று சொல்லிவைக்கிறேன் என்றார். சனிக்கிழமை கூட்டம்.

கடலுக்கு லீவு

கூட்டத்தில் போய் ஊர்க்காரர் நடுவில் தேசம்மா இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. முன்னாலேயே நான் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். வியாபாரம் சூடு பிடிக்கும் முன், மூன்றரை மணிக்கு. தேசம்மா பனிக்கட்டியைச் சாக்கில் போட்டுக் கட்டையால் உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தக் கோடு உங்களுக்காகப் போட்டது இல்லை, சைக்கிள் நிறுத்துவதற்குப் போட்டது, நான் வந்த நாளில் இங்கே யாரும் இல்லாததால் காலி இடம் என்று எழுதிவிட்டேன் என்று சொன்னேன். கட்டை ஒரு தரம் நின்றது. பிறகு மறுபடி விழுந்தது. நான்கு தரம், ஐந்து தரம். உடைய வேண்டியதெல்லாம் உடைந்த பிறகும் விழுந்தது.

"அப்ப இது சைக்கிளுக்குப் போட்ட கட்டமா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அதான் இம்மாம் ஒல்லியா கீது. நானும் பாக்கறேன், பொம்பளய அளந்து போட்டா மாதிரி இல்லியேன்னு." சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. இந்த இடம் போனால் எங்கே போவாய் என்று கேட்க வேண்டியவள் நான், கேட்கவில்லை. அவளே சொன்னாள். தடைக்காலத்தில் பாத்திரம் தேய்த்த வீட்டுக்காரி, பிடித்தால் வருடம் பூராவும் வா என்றிருக்கிறாளாம். அதைச் சொல்லும்போது அவள் பார்வை அன்னக்கூடையின் மேலேயே இருந்தது. பதினெட்டு வயதிலிருந்து மீனைத் தவிர வேறு எதையும் விற்றதில்லை, வேறு எதையும் விற்கவும் தெரியாது என்றாள். சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்து இதைச் சொல் என்று கேட்டுக்கொண்டேன். நான் எழுந்தபோது, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"கடலுக்கே ரெண்டு மாசம் லீவு வுட்டுக்கீறாங்க. உனுக்கு வுடலியாக்கா? அப்பப் பாத்து எங்க தெருவ அளக்கறதுக்கு இன்னா அவசரம்?"

மூன்று மணிக் கூட்டம்

கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் பதினோரு மணி என்பது எங்கள் அலுவலகத்தின் வழக்கம். பதினோரு மணிக்கு வேலை இல்லாதவர்கள் மட்டும்தான் வர முடியும். அவர்கள் கருத்தே ஊரின் கருத்தாகிவிடும். மீன்காரப் பெண்கள் விடியற்காலை ஏலத்துக்குப் போய், காலையில் தெருத்தெருவாகச் சுற்றி, மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு, நான்கு மணிக்குள் மரத்தடிக்கு வருகிறவர்கள். மூன்று மணிக்கு வையுங்கள் என்று கேட்டேன். வார்டு ஆபீசில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் வைத்தார்கள். நாற்காலிகள் நிரம்பின. நடைபயிற்சிச் சங்கத்தார் முன்வரிசையில் இருந்தார்கள். மூன்று பத்துக்குப் பத்துப் பெண்களும் வந்தார்கள், கூடைகளோடு. கூடைகளை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். வெளியே வைத்தால் காக்கா தூக்கும் என்று கடைசி வரிசையில் காலடியில் வைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இரண்டு கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின.

மேலதிகாரி என் வெள்ளைத்தாளைப் படித்தார். "நீங்க எழுதினதா" என்று கேட்டார். எழுந்து நின்றேன். தடைக்காலத்தில் போய்ப் பார்த்து, ஆள் இல்லாததை இடம் காலி என்று எழுதிவிட்டேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது. அப்படியானால் அதே மாதத்தில் கடலோரமாக நீங்கள் காலி என்று எழுதிய மற்ற இடங்கள் என்று அவர் இழுத்தார். எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். இளவரசன் சார் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கோப்பு திரும்புகிறது என்று எனக்குப் புரிந்தது, அவருக்கும் புரிந்தது. ஆனால் எழுந்து பேசியவர் அவர்தான். எதிர்ப்பக்கம் பம்ப் அறைச் சுவரோரம் பன்னிரண்டு சைக்கிள் நிற்க இடமிருக்கிறது, இருபது வேண்டாம், பன்னிரண்டு போதும், அளவு மாற்றப் படிவம் இருக்கிறது என்றார்.

மேலதிகாரி யோசித்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, சைக்கிள் திட்டத்தைப் பற்றி உங்கள் கருத்து என்ன, பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டார். பத்துப் பேரும் தேசம்மாவைப் பார்த்தார்கள். அவள் மெதுவாக எழுந்தாள். காலால் கூடையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

"சைக்கிளு வர்ட்டும் சார், நல்லதுதான். வேல முட்ச்சி வூட்டுக்குப் போவசொல்ல நாலு பேரு நின்னு மீனு வாங்கிகினு போவாங்க. எங்க மேலயே நிறுத்தாதீங்க, அவ்ளோதான்."

இந்தத் தபா

மேலதிகாரி சம்மதித்தார். நிலையம் எதிர்ப்பக்கம் போயிற்று. கடலோர இடங்களை மறுபடி பார்க்க வேறு ஒருவரை நியமித்தார்கள். என் ஒப்பந்தம் முடிந்தபோது நீட்டிக்கவில்லை. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரத்தடிக் கோடுகளை அழிக்க வேண்டும் என்று உத்தரவில் ஒரு வரி இருந்தது. இளவரசன் சார் அந்த வரிக்குப் பக்கத்தில், மழையில் தானே போய்விடும் என்று எழுதிவிட்டதாக முனுசாமி போனில் சொன்னார்.

ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் பெய்து ஓய்ந்த பிறகு, ஒருநாள் சும்மா மீன் வாங்கப் போனேன். எதிர்ப்பக்கத்துச் சுவரோரம் நீல சைக்கிள்கள் நின்றன. ஆறேழுதான் இருந்தன, மற்றவை எங்கோ ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஒருவன் சைக்கிளை அங்கே பூட்டிவிட்டு, ரோட்டைக் குறுக்கே தாண்டி வந்து கானாங்கெளுத்தி விலை கேட்டான். இந்தப் பக்கம் மரத்தடியில் அதே பத்துப் பேர். கீழே மஞ்சள் கோடு, நான் நினைத்த மாதிரி மங்கியிருக்கவில்லை. முன்னைவிடப் பளிச்சென்று, கொஞ்சம் கோணலாக, அங்கங்கே சொட்டிய புள்ளிகளோடு இருந்தது. ஒல்லிக் கட்டங்கள் இருபது இல்லை. பலகை, கூடை, பனிக்கட்டிச் சாக்கு, காலை நீட்ட இடம் எல்லாம் அடங்குகிற மாதிரி பத்துச் சதுரங்கள்.

நான் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தேசம்மா கவனித்துவிட்டாள். சங்கராவை எடுத்துச் செவுளைப் பிரித்துக் காட்டினாள். நல்ல சிவப்பு. செதில் தேய்க்க ஆரம்பித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"உன் கோடு மழையில பூட்ச்சிக்கா. நாங்களே பெயிண்டு வாங்கியாந்து போட்டுகினோம். இந்தத் தபா அளவு சரியா கீது."

எத்தனையோ இடங்களை அளந்து, வரைந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஜனங்கள் தாங்களே பெயிண்ட் வாங்கிப் புதுப்பித்துக்கொண்டது, நான் தப்பாக எழுதிய அந்த ஒன்றைத்தான்.